ஓரத்தில் எழுதியவை: அல்சூர் விளையாட்டு நூலகத்தில் 12 வருடம்

முதல் தடவை போனபோது கதவைத் திறந்த அம்மா கேட்டது, "கிரிக்கெட்டா, ஃபுட்பாலா?" ஃபுட்பால் என்றேன். முகம் மலர்ந்து, "செருப்ப உள்ளயே உடுப்பா, வெளிய நாய் தூக்கினு போயிடும்" என்றார். கிரிக்கெட் என்று சொல்லியிருந்தால் என் செருப்பு என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

பெங்களூர் அல்சூர் மெட்ரோவில் இறங்கி, சோமேஸ்வரர் கோயிலைத் தாண்டி நடந்தால் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்த நூலகம். பெயரை இங்கே எழுதவில்லை. கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க ஆள் இல்லை என்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கம் பந்து உதைத்தவர் யாரைக் கேட்டாலும் "மாஸ்டர் வூடா?" என்று கை காட்டுவார்கள்.

மாஸ்டர் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரீ. அவர் காலமானபோது கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் 11 டிரங்குப் பெட்டிகள் இருந்தன. ஒன்றிலாவது சீட்டுப் பணம் இருக்கும் என்று நினைத்துத் திறந்தார்களாம். அத்தனையும் காகிதம். பேப்பர் கட்டிங், போட்டி நோட்டீஸ், டிக்கெட்டின் பாதி, அணிகளின் குரூப் போட்டோ, மஞ்சள் அட்டை கொடுத்த கணக்கு எழுதிய பாக்கெட் டைரி. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று மூத்த மருமகன் சொல்ல, இரண்டாவது மகள் ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நூலகம் அந்த நிமிஷத்தில்தான் தொடங்கியது என்பேன். அவர்கள் கணக்குப்படி, முதல் வருடத் திதி முடிந்த மறுநாள், முன்னறையில் மூன்று பெட்டிகளைத் திறந்துவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்த நாள்தான் தொடக்கம்.

நினைவு நூலகம் நம்மூருக்குப் புதிதில்லை. கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கும் மாநில மத்திய நூலகமே திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுந்த மண்டபம்தான். ஆனால் திவானுக்குக் கட்டடம் கட்ட ராஜாங்கம் இருந்தது. டிரில் மாஸ்டருக்கு ஒரு முன்னறை.

என்ன இருக்கிறது உள்ளே? அச்சான புத்தகங்களைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. 1947 முதல் 1968 வரை மதராஸிலிருந்து வந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வார இதழ்கள் பாதிக்கு மேல் இருக்கின்றன. 1978இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' பைண்டு பண்ணி வரிசையாக நிற்கிறது, நடுப்பக்கப் போஸ்டர்கள் மட்டும் இல்லாமல். அவை அந்தக் காலத்துப் பையன்கள் அறைச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. இதெல்லாம் தேடினால் வேறு இடத்திலும் கிடைக்கும்.

வேறெங்கும் கிடைக்காதது மாஸ்டர் ஓரத்தில் எழுதியது. ஒவ்வொரு கட்டிங்கின் மார்ஜினிலும் சிவப்பு பென்சிலில், நெருக்கி நெருக்கி, தமிழும் கன்னடமும் கலந்து எழுதியிருப்பார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 2-1 என்று தோற்ற செய்தி ஒன்று. நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு, கடைசி நிமிஷங்களில் கோல் வாங்கிய ஆட்டம். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் நம்மூர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோலே அதுதான். நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று துவைத்து அனுப்பியது. அந்த ஒன்று அகமது கான் அடித்தது. அவரும் பெங்களூர். இரண்டு கட்டிங்கையும் ஒரே அட்டையில் ஒட்டி, கீழே மாஸ்டர் எழுதியது: "ரெண்டு ஒலிம்பிக். ரெண்டு கோல். ரெண்டும் நம்மூர்க் கால்."

இதைப் படித்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன் நான். கௌதம்புராவில் பெலே சிலையைத் தினமும் தாண்டிப் போனவன். பெலேவைத் தெரிந்த எனக்கு ராமனைத் தெரியாது.

அந்த அட்டைகளிலிருந்துதான் மற்றதையும் தெரிந்துகொண்டேன். ராணுவ அணிகளே மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்த ரோவர்ஸ் கோப்பையை 1937இல் வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ், அதை எடுத்த முதல் சிவிலியன் அணி. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் இந்த ஊர்ப் பையன். 'ஆசியாவின் பெலே' என்று பேர் வாங்கிய பூங்கம் கண்ணன் இங்கிருந்துதான் கல்கத்தாவுக்கு ஆடப் போனார். அருமைநாயகம் படத்தின் ஓரத்தில் மாஸ்டர் குறித்திருப்பது ஒரே வரி: "ரொம்ப அமைதி. ஃபவுல் கேக்கமாட்டான்." ரெஃப்ரீக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பராமரிப்பைப் பற்றி ஒரு பாராட்டும் ஒரு புகாரும். நியூஸ்பிரின்ட் என்பது மரக்கூழில் செய்த மட்டமான காகிதம். அதிலேயே இருக்கும் அமிலம் அதைத் தின்றுவிடும். மடித்த இடத்தில் தொட்டால் அப்பளம்போல் உடையும். போதாததற்கு ராமபாணப் பூச்சி. மாஸ்டர் மைதா பசையில் ஒட்டியிருக்கிறார், பூச்சிக்கு அது விருந்துச் சாப்பாடு. ஆனால் பழைய பைண்டர்கள்போலப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்ததால் முக்கால்வாசி தப்பித்தது. இரண்டாவது மகள் நூலகச் சான்றிதழ் படிப்பு படித்துவிட்டு வந்து, ஒவ்வொரு கட்டிங்கையும் தனித்தனி உறையில் போட்டார். இது பாராட்டு. புகார் செல்லோடேப் பற்றியது. நடுவில் உதவிக்கு வந்த காலேஜ் பிள்ளைகள் கிழிந்த இடமெல்லாம் டேப் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாலு வருடத்தில் டேப் உரிந்து விழுந்தது, பசை பழுப்பாக எழுத்துக்குள் இறங்கிவிட்டது. இனி எடுக்க முடியாது.

அடுக்குவதிலும் ஒரு வேடிக்கை. நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி முறைப்படி விளையாட்டுக்கு 796. கால்பந்து 796.334, கிரிக்கெட் 796.358. நூலகவியல் அறிஞர், நம் சீர்காழி ரங்கநாதன் கடைசி வருடங்களைக் கழித்த ஊர் இது. அவருடைய கோலன் முறையை விட்டுவிட்டு அமெரிக்கக்காரர் எண்ணைப் போடுவதா என்று ஒரு வாசகர் வந்து அரை மணி நேரம் சண்டை போட்டார். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நூல்கள் பயன்பாட்டுக்கேன்னு அவர்தானே சார் 1931லயே சொன்னார்? ஜனங்களுக்கு எது சுலபமோ அது" என்றார். ஆனாலும் நடைமுறையில் எல்லோரும் "சிவப்புப் பெட்டி", "மாடிப்படி அலமாரி" என்று சொல்லித்தான் எடுக்கிறார்கள். எண் ஸ்பைனில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாறு வருடத்தில் நூலகம் வளர்ந்தது. எனக்குப் பிடிக்காத கட்டமும் அதுதான். ஊரில் சொந்தக்காரர் போனால் அவர் புத்தகங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாடி அறையும் நிறைந்தது. ஸ்டீல் அலமாரி கொடுத்தவர்கள் அலமாரியின் நெற்றியில் பெரிய எழுத்தில் பெயர் எழுதச் சொன்னார்கள். ஓட்டல் மின்விசிறியில் 'உபயம்' எழுதுகிற மாதிரி. வந்ததில் பெரும்பகுதி கிரிக்கெட். வழவழ தாளில் படம் போட்ட சுயசரிதைகள், ஒரே புத்தகத்துக்கு ஏழு பிரதி. விஸ்டன் ஆண்டு மலர்கள் சில வந்தன. 1864 முதல் விடாமல் வரும் மலர், அது வரவேண்டியதுதான். மற்றதற்கு இடம் பண்ண ஹாக்கிப் பெட்டி இரண்டு மாடிப்படிக்கு அடியில் போனது. ராணுவத்து ஆட்கள் ஹாக்கி ஆடும் எம்.இ.ஜி. மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு ஹாக்கியைப் படிக்கு அடியில் வைப்பதா? புகார் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு பெட்டி மேலே ஏறியது.

ஸ்கேன் கதைதான் ரொம்பக் கசப்பு. வெளிநாட்டில் இருக்கும் பேரன் பணம் அனுப்பி, கட்டிங் எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஹார்டு டிஸ்க் வந்தது. திறந்து பார்த்தால் பளிச்சென்று சுத்தமாக, எல்லாம் ஒரே அளவில் இருக்கிறது. ஓரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். சிவப்புப் பென்சில் ஒரு வரி இல்லை. "கறை மாதிரி இருந்துச்சு மேடம், கிளீன் பண்ணிட்டோம்" என்று பதில். இரண்டாவது மகள் எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். காகிதங்கள் திரும்பி வந்ததே அதிர்ஷ்டம். இப்போது அவரே ஞாயிறு தோறும் பத்துப் பத்தாக, ஓரத்தோடு, 300 டிபிஐயில் எடுக்கிறார். இந்த வேகத்தில் முடிய இன்னும் பல வருடம் ஆகும். முடியட்டும்.

போக நினைப்பவர்களுக்கு: சனி மாலையும் ஞாயிறு காலையும் மட்டும் திறப்பு. கட்டணம் இல்லை, டெபாசிட் உண்டு. கட்டிங்குகள் வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஜெராக்ஸ் கிடையாது, போனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. மழைக்காலத்தில் மாடி அறை ஈர வாசனை அடிக்கும். 2022 மழையில் ஒரு மூலை ஒழுகி இரண்டு வருட வார இதழ்கள் செங்கல்போல் ஒட்டிக்கொண்டன. கழிப்பறைக்கு வீட்டுக்குள்தான் போகவேண்டும், வயதானவர்கள் சங்கடப்படுகிறார்கள். காபி இன்னும் கொடுக்கிறார்கள்.

2023 மார்ச் 4ஆம் தேதி ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகம், மாநிலங்கள் மோதும் கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் டிராஃபியை எடுத்தது. 1968-69க்குப் பிறகு 54 வருடம் கழித்து. மறுநாள் ஞாயிறு நூலகத்தில் நிற்க இடமில்லை. ஒருவர் மைசூர்பாகு வாங்கிவந்தார். கர்நாடகத்தின் அப்போதைய பெயரில் 'மைசூர் மாநிலம்' என்று அச்சிட்ட அந்தப் பழைய கட்டிங்கை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். எண்பதைத் தொட்ட ஒருவர் அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "இந்த அட்டெண்டன்ஸ் தப்பு, கூட்டம் இதுக்கு ரெண்டு பங்கு" என்றார். உடனே ஒரு நீள நோட்டு அவர் முன் வந்தது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 'திருத்த நோட்டு' என்று பெயர். பழைய ஆட்டக்காரர்கள் வந்து, பேப்பரில் தப்பாக வந்ததைத் தேதி போட்டுத் திருத்தி எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். கோல் அடித்தவர் பெயர், போட்டோவில் நிற்பவர் பெயர், எந்த மைதானம், யார் ரெஃப்ரீ. முதல் பக்கத்தில் மாஸ்டர் கொடுத்த ஒரு பெனால்டியையே தப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டார் அதை அடிக்கவில்லை.

நான் அங்கே போனதே ஒரு போட்டோவைத் தேடி. என் அப்பா இரண்டாம் டிவிஷனில் ஆடியவர். ஆர்.பி.ஏ.என்.எம். மைதானத்தில் எடுத்த குரூப் போட்டோவில் தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், படத்தைக் காட்டியதில்லை. இரண்டாம் வருடம் ஒரு போட்டோ கிடைத்தது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள், 'பெயர் தெரியவில்லை'. அதே நெற்றி, அதே ஒல்லி. அப்பா அப்போது இல்லை. அம்மாவிடம் போனில் காட்டினேன், கண்ணாடி இல்லாமலே "அவர்தான்" என்றார். திருத்த நோட்டில் அப்பா பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

போன வருடம் நோட்டைப் புரட்டும்போது என் வரிக்குக் கீழே நீல மையில், நடுங்கும் கையெழுத்தில்: "இது அவர் இல்லை. நான்." ஒரு போன் நம்பர்.

ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன். அப்பா பெயரைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பு. "உங்க நைனாவா? அன்னிக்கு அவன் வரல பா. அவன் வரலன்னுதான் எனக்கு எடமே குட்த்தாங்க. அந்த ஒரு மேட்ச்தான் நான் ஆடுனது."

எங்கே போயிருந்தார் என்று கேட்டேன்.

"கோலார் தங்கவயலுக்கு. பொண்ணு பாக்க."

அம்மாவுக்கு ஊர் ஆம்பூர். இந்தத் திருத்தத்தை நோட்டில் இன்னும் எழுதவில்லை.