வடசேரி வயலின் வகுப்பு: இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதும் மதிப்புரை

நாகர்கோவில் வடசேரியில், பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் நடக்கும் வயலின் வகுப்புக்கு என் மகள் இரண்டு ஆண்டுகளாகப் போய்வருகிறாள். அந்த வீட்டில் பெயர்ப்பலகை கிடையாது. தம் பெயர் இணையத்தில் வருவதை ஆசிரியை விரும்பாததால் நானும் அதை எழுதவில்லை. ஆனாலும் பிள்ளைக்கு வயலினோ வீணையோ கற்றுக்கொடுக்க ஆசைப்படும் நம் மாவட்டத்துப் பெற்றோர், ஒரு வகுப்பில் சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது இந்த அனுபவத்திலிருந்து தெரியவரும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நல்ல வகுப்பு என்பதே என் முடிவு. அங்கே கண்ட குறைகளையும் சொல்லியிருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் நாங்கள் ஒரு தவறு செய்திருந்தோம். மகளுக்கு ஏழு வயது நிறைந்தபோது, ஒரு கடையில் முழு அளவு வயலின் ஒன்றை வாங்கிவிட்டோம். “வளர்ற பிள்ளைதானே, சின்னது வாங்கினா ரெண்டு வருஷத்துல மாத்தணும்” என்று கடைக்காரர் சொன்னது நியாயமாகவே பட்டது. அந்த வயலினில் தந்திகள் விரல்பலகைக்கு மேலே மிகவும் உயரத்தில் நின்றன. தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கிக்கொண்டே இருந்ததால், காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. மேல் தந்தியை அழுத்தி முடித்ததும் குழந்தையின் விரல் நுனியில் சிவப்பாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதை என்னிடம் நீட்டிக் காட்டுவாள். ஐந்தாவது மாதம் வயலின் பெட்டி அலமாரியின் மேலே போய்விட்டது. பிள்ளைக்கு இசையில் நாட்டமில்லை என்று நாங்கள் முடிவு கட்டினோம். குற்றம் கருவியில் இருந்தது என்பது வடசேரிக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

முதல் நாள் ஆசிரியை மகளின் கையில் எந்தக் கருவியையும் கொடுக்கவில்லை. அருகில் உட்கார வைத்து, “மக்களே, தந்தி கட்டுன சாமான் எதையாவது நீ பாத்திருக்கியா?” என்று கேட்டார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆச்சி ஊர் கோயில் கொடையில வில்லு பாத்திருக்கேன் டீச்சர்” என்றாள். வேறு ஒருவராக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். இவர் வில்லுப்பாட்டைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். வில்லில் இழுத்துக் கட்டிய கயிற்றை வீசுகோலால் அடிக்கும்போது என்ன ஆகிறது, வில்லோடு சேர்த்து ஒரு மண்குடத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அவளையே சொல்ல வைத்தார். “சத்தம் வாறதுக்கு” என்று அவள் சொன்னதும், வயலினைத் திருப்பி அதன் முதுகைத் தட்டிக்காட்டி, “இந்த வயிறுதான் நம்ம குடம். அங்க வில்ல அடிக்கணும், இங்க வில்லால வருடணும். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் கம்பியிலும் தன் ரப்பர் வளையலிலும் தட்டித் தட்டி எது ஒலிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்து மாதம் அந்தப் பெரிய வயலினோடு போராடிய பிள்ளைக்குத் தந்தி என்றால் என்ன என்பதில் ஆர்வம் பிறந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வகுப்பில் அளவு எடுத்தார்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை தையல் நாடாவால் அளந்தார்கள். சுமார் 20 அங்குலம் இருந்தால் அரை அளவு வயலின், 22 அங்குலம் இருந்தால் முக்கால் அளவு, அதற்கு மேல் 23 அங்குலத்தைத் தாண்டினால்தான் முழு அளவு என்பது பொதுவான கணக்கு. அரை அளவு என்றால் நீளத்தில் பாதி என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை. முழு வயலினின் உடல் 14 அங்குலம் என்றால் அரை அளவினுடையது ஏறத்தாழ 12½ அங்குலம் இருக்கும். அந்த ஒன்றரை அங்குலத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் சரியான அளவுள்ள கருவியை மடியில் வைத்ததும் மகளின் சுண்டுவிரல் முதல் முறையாக எட்ட வேண்டிய இடத்தை எட்டியது.

இந்த வகுப்பில் சிறு வயலின்களை வாடகைக்குத் தருகிறார்கள் என்பதே பெற்றோருக்கு மிகப் பெரிய உதவி. எங்களுக்கு மாதம் 250 ரூபாய், முன்பணம் 2,000 ரூபாய். கை வளர்ந்ததும் கருவியைக் கொடுத்துவிட்டு அடுத்த அளவை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கருவியிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரையைச் சீவி, தந்தியின் உயரத்தைச் சிறு விரல்கள் நோகாத அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். விரல் வைக்க வேண்டிய இடங்களில் மெல்லிய வெள்ளை ஒட்டுநாடாக் கீற்றுகள் இருக்கும். காது பழகப் பழக அவற்றை ஒவ்வொன்றாக ஆசிரியையே உரித்து எடுத்துவிடுவார். முதல் கீற்றை உரித்த அன்று என் மகள் அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

பாடம் நடத்தும் முறை மெதுவானது; அவசரப்படும் பெற்றோருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். முதல் இரண்டு வாரம் வில்லுக்குப் பதிலாகப் பென்சிலைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் மடங்க வேண்டும், சுண்டுவிரல் மேலே பூப்போல உட்கார வேண்டும் என்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே பழகினாள். பிறகு சப்பணமிட்டு, வலது காலைச் சற்று முன்னே நீட்டி, வயலினின் சுருண்ட தலையைக் கணுக்காலில் சாய்த்து உட்காரும் முறை. வழுக்காமல் இருக்க அங்கே ஒரு துண்டு ரப்பர் விரிப்பை வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க விரலே வைக்காமல், திறந்த தந்திகளில் ச, ப, ச, ப என்று நீண்ட வில் மட்டும். மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை தொடங்கும்போது நான்காவது மாதம் ஆகியிருந்தது. வீட்டுப் பயிற்சிக்கு அவர்கள் வைத்த வரம்பு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் வாசிக்க ஆசையாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும், அந்த ஆசை மறுநாளைக்கு மிச்சமிருக்க வேண்டும் என்பது அவர்களின் கட்டளை. பிள்ளையை வாசி வாசி என்று விரட்டிக்கொண்டிருந்த நான், போதும் என்று சொல்லும் நிலைக்கு வந்தது இதனால்தான்.

இந்த வகுப்பின் தனிச்சிறப்பு என்று நான் கருதுவது வேறொன்று. “பிள்ள மட்டும் படிச்சா போதாது சார், வீட்டுல யாராவது ஒருத்தர் கூட இருந்து படிக்கணும்” என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அலுவலகம் முடிந்து தக்கலையிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வருவதே பெரும்பாடு. இதில் நானும் தரையில் உட்கார்ந்து சரளி வரிசை வாசிக்க வேண்டுமா என்று தோன்றியது. பின்னர்தான் இது ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998) கைக்கொண்ட வழி என்று தெரிந்துகொண்டேன். எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைத் தடையின்றிப் பேசிவிடுகின்றன. வீட்டில் அந்த மொழி எந்நேரமும் காதில் விழுவதும், பெரியவர்கள் அதையே பேசுவதும்தான் அதற்குக் காரணம். இசையையும் அப்படியே கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. அதனால் அவர் முறையில் பெற்றோரும் கருவியைத் தொட்டுப் பழகுகிறார்கள், பிள்ளை வாசிக்கப்போகும் பாடம் வீட்டில் நாள்தோறும் ஒலிக்கிறது. வடசேரி ஆசிரியை கற்றுத்தருவது முழுக்கக் கர்நாடக இசைதான். இந்த ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பலனை என் வீட்டிலேயே கண்டேன். அலமாரி மேல் கிடந்த முழு அளவு வயலினுக்குக் குதிரையையும் பிருடைகளையும் சரிசெய்து எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஜண்டை வரிசையில் ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்கும்போது இரண்டாவதில் ஒரு சிறு அழுத்தம் வர வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. ஒரு நாள் மகள் என் இடது கையைப் பிடித்து, விரலை எடுத்து மறுபடி தட்டும்படி காட்டிவிட்டு, “அப்பா, மெதுவா, கோபப்படாம” என்றாள். அவளிடம் நான் மாதக்கணக்கில் எப்படிப் பேசியிருக்கிறேன் என்பது அந்தச் சொல்லில் இருந்தது. அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் எங்கள் வீட்டில் குரல் உயர்வதில்லை. கம்பி எவ்வளவு வலிக்கும், வில் எப்படி நடுங்கும் என்பது சொந்தக் கையால் தெரிந்த பிறகு பிள்ளையைத் திட்ட மனம் வருவதில்லை.

உறவினர்கள் சிலர், பெண் பிள்ளைக்கு வீணைதானே அழகு, வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம்தானே என்றார்கள். வீணை அருமையான கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பலாமரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணையை ஏழு வயதுப் பிள்ளை தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடியாது. சிறு கைகளுக்கென்று படிப்படியான அளவுகள் வயலினில் கிடைப்பதுபோல் அதில் எளிதில் கிடைப்பதுமில்லை. வயலினும் நமக்கு நேற்று வந்ததல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை நம் இசைக்குப் பழக்கியவர். தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் யானைத்தந்த வேலைப்பாடுள்ள வயலினைப் பரிசளித்தார். நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் என்பதை நினைத்தால், அந்த அரசவை நமக்கும் சொந்தமானதுதான். தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வரும் பிள்ளைகளும் இந்த வகுப்பில் உண்டு. தோளில் வைத்து வாசிக்கும் மேற்கத்திய முறையும் அதன் இசைக்குறியீடும் வேண்டுமென்றால், இங்கே அவை கிடைக்காது என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

எட்டாவது மாதம் மகளுக்குச் சலிப்பு வந்தது. வயலினைத் தொட மாட்டேன் என்று இரண்டு வாரம் அடம்பிடித்தாள். ஆசிரியை திட்டவுமில்லை, பரிசு தருகிறேன் என்று ஆசை காட்டவுமில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, பெரிய பிள்ளைகள் வர்ணம் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சட்ஜம் என்னும் ‘ச’ ஸ்வரத்தை மட்டும் நீட்டி வாசித்துக்கொண்டிரு என்றார். மூன்று வகுப்புகள் அப்படியே போயின. நான்காவது வகுப்பில், அந்த அக்கா வாசித்த இடம் எப்படி வருகிறது என்று அவளாகவே கேட்டாள். மேடை விஷயத்திலும் இதே நிதானம்தான். எங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரிக்காகச் சரஸ்வதி அம்மன் ஆண்டுதோறும் திருவனந்தபுரம் புறப்படுவதை ஒட்டி, வகுப்பில் கொலு வைத்து, பிள்ளைகள் பெற்றோர் முன்னால் மட்டும் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாசிக்கிறார்கள். தவறினால் நிறுத்தி மறுபடி தொடங்கலாம். யாரும் காணொளி எடுக்கக் கூடாது.

இனிக் குறைகள். இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்தில் பெய்கிறது. தெருவில் தண்ணீர் தேங்கும் நாளில் வகுப்பு இல்லை என்பதைக் கடைசி நேரத்தில்தான் சொல்கிறார்கள். இரண்டு முறை தக்கலையிலிருந்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். கூடத்தில் எட்டுப் பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், அப்போது பக்கத்துப் பிள்ளையின் வில் முழங்கையில் இடிக்கிறது. வாடகைக் கருவிகளில் தந்திகள் பழையவை. உப்புக்காற்றில் உருக்குத் தந்தி விரைவில் துருப்பிடிப்பதால், சொந்தமாக ஒரு தொகுதி வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது. வாசித்து முடித்ததும் வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின் தந்தியில் படிந்திருக்கும் பொடியைத் துணியால் துடைக்க வேண்டும், வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால் புதியவர்களுக்கு உதவியாக இருக்கும்.

கட்டணம் மாதம் 800 ரூபாய்; வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். பெற்றோருக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆறு மாதத்தில் மேடையேற்ற வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. புதிய சேர்க்கை விஜயதசமியன்று நடக்கிறது. விரும்புகிறவர்கள் அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பிள்ளையோடு போய் ஒரு வகுப்பு முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், ஆசிரியை மறுப்பதில்லை. போகும்போது வயலின் எதையும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். தரையில் உட்காரத் தோதான உடையில் போங்கள், உங்களையும் உட்கார வைப்பார்கள்.