கார்கசோனில் 'பக்கத்தில்' என்றால் எங்கே?

டைல்களை ஒட்டி ஒட்டி வைத்து ஊர் கட்டும் பலகை ஆட்டமான கார்கசோனை வாங்கலாமா என்று டர்பன் சாட்ஸ்வொர்த் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 72 டைல் (படம் போட்ட சதுர அட்டை), ஆளுக்கு எட்டு மீப்பிள் (ஆள் வடிவச் சின்னக் காய்), ஜெர்மனியில் 2001-இன் சிறந்த ஆட்டம் என்ற விருது, இதெல்லாம் அவருக்கே தெரியும். 'பக்கத்தில்' என்ற ஒரே சொல் மேசையில் எத்தனை சண்டை இழுத்துவிடும் என்பதுதான் தெரியாது. டர்பனில் விதித்தாளை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் விளக்கும் வீடுகளில் சிக்கல் இரட்டிப்பு.

டைல் வைக்கும்போது 'பக்கத்தில்' என்றால் விளிம்போடு விளிம்பு. மூலை மட்டும் தொட்டால் செல்லாது. தொடுகிற ஒவ்வொரு விளிம்பிலும் சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை, வயலுக்கு வயல் பொருந்த வேண்டும். மடத்தில் வைத்த மீப்பிளுக்குப் புள்ளி எண்ணும்போதோ அதே சொல் மூலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. சுற்றி எட்டு, மடம் ஒன்று, ஆக ஒன்பது புள்ளி. புதிதாக ஆடுபவர் நாலு பக்கமும் அடைத்ததும் மீப்பிளை எடுக்கக் கை நீட்டுவார். நாலு மூலையும் காலியாகக் கிடக்கும்.

வயலில் படுக்கவைக்கும் மீப்பிள், அதாவது உழவர், இன்னும் படுத்தல். வயலை ஒட்டிய, கட்டி முடிந்த கோட்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. இங்கே 'ஒட்டிய' என்பது டைல் கணக்கே இல்லை. சாலையோ கோட்டையோ மறிக்காத வரை பச்சை எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒரே வயல்தான். மடத்து வாசலில் முடிகிற சாலை வயலைப் பிரிக்காது. பச்சை மடத்தின் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் விரலை எடுக்காமல் பச்சையின் மேல் இழுத்துப் பாருங்கள்.

மீப்பிளை இப்போது வைத்த டைலில்தான், அதுவும் ஆள் இல்லாத சாலை, கோட்டை, வயல் போன்றவற்றில்தான் வைக்கலாம். ஆனால் 'ஆள் இல்லாத' என்பதற்கு அந்த டைலை மட்டும் பார்த்தால் போதாது. அதே சாலையில் ஆறு டைல் தள்ளி ஒரு மீப்பிள் நின்றாலும் வைக்க முடியாது. தனிச் சாலையாகத் தொடங்கிப் பிறகு நடுவில் ஒரு டைலால் இணைத்தால் செல்லும். இருவருக்கும் ஆள் சமம் என்றால் இருவருக்குமே முழுப் புள்ளி. ஒவ்வொரு முறையும் வரிசை இதுதான்: முதலில் டைல், பிறகு மீப்பிள், கடைசியில் புள்ளிக் கணக்கு. கணக்கில் திரும்பிவரும் மீப்பிள் அடுத்த முறைக்குத்தான்.

டர்பன் இந்தியர் ஆடும் துனீ சீட்டாட்டம்போல வீட்டுக்கு ஒரு விதி வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். விதி தெளிவுதான், ஆட்டமும் அருமைதான். ஆனாலும் இன்றைய எரிச்சலுக்கு ஐந்துக்கு இரண்டரைதான் போடுவேன். வாங்கினால் முதல் நாலைந்து ஆட்டம் உழவர் இல்லாமலே ஆடுங்கள்.