ஆறுதல் குரூப்பா, ஆராய்ச்சி ஃபோமா: அக்காவோட ஒரு வருசம் அலைஞ்சதில விளங்கினது

அக்காக்கு ரெண்டாவது கீமோ முடிஞ்ச அண்டைக்கு கிளினிக் வாசல்ல ஒரே நேரத்தில ரெண்டு பேப்பர் தந்தவை. ஒண்டு, மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் மாசத்தில ஒரு சனிக்கிழமை கூடிக் கதைக்கினம், வாங்கோ எண்டு. மற்றது, ஒரு ஆராய்ச்சியில சேர விருப்பமா, கொஞ்சம் கேள்வி கேப்பம், பிறகு ரத்தம் கொஞ்சம் எடுப்பம் எண்டு. அக்கா ரெண்டையும் பையுக்குள்ள மடிச்சு வச்சிட்டு பஸ்ஸில ஏறினாப் பிறகுதான் வாய் திறந்தவ. "எனக்கு ஒரு நாளைக்கு ஒரு அலுவல்தான் இப்ப ஏலும், எது முக்கியமெண்டு நீ பார்த்துச் சொல்லு" எண்டு. ஒரு தேத்தண்ணியை முழுசாக் குடிச்சு முடிக்க ஏலாம இருந்த நேரம் அது. அதாலதான் இதை நான் இவ்வளவு கவனமாப் பார்க்கத் தொடங்கினது. எவ்வளவு சக்தி கேக்குது, திருப்பி என்ன தருது, தமிழில நடக்குமா, இந்த மூண்டையும் வச்சுத்தான் பார்த்தனான்.

முதல்ல ஆறுதல் பக்கம். ஆகக் குறைஞ்ச சக்தி கேக்கிறது ஃபோன். இலங்கையில 1926 எண்டது தேசிய மனநல உதவி லைன், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுக்கலாம், 1333 இன்னொரு உதவி லைன். படுக்கையில இருந்தே கதைக்கலாம், பஸ் ஏறத் தேவையில்லை, முகம் காட்டத் தேவையில்லை. எடுத்த உடனயே தமிழ்ல கதைக்கிற ஆள் வேணுமெண்டு கேளுங்கோ, தயங்க வேண்டாம், அது உங்கட உரிமை. ஆனா ஒவ்வொரு முறையும் வேற குரல், திரும்பத் திரும்ப முதல்ல இருந்து சொல்ல வேணும், அக்காக்கு அதுதான் அலுத்துப் போச்சு. ரெண்டு தரம் எடுத்தவ, அந்த ரெண்டு ராத்திரிக்கும் அது காணும். (மூச்சு எடுக்க ஏலாம வந்தாலோ கீமோ நேரத்தில காய்ச்சல் அடிச்சாலோ அது ஆறுதல் லைனுக்கு எடுக்கிற விசயம் இல்லை, உடன ஆஸ்பத்திரி, வாகனம் இல்லையெண்டா 1990 சுவசெரிய அம்புலன்ஸ்.)

மட்டக்களப்பு, வவுனியா, மலையகம் எண்டு தூரத்தில இருந்து, கொழும்புக்குப் பக்கத்தில புற்றுநோய்க்கெண்டு இருக்கிற மகரகம அபேக்‌ஷா ஆஸ்பத்திரிக்கு வாறவைக்கு எல்லா ஆறுதலுக்கும் முதல் தேவை படுக்க ஒரு இடம். மகரகமவில சி.சி.சி. ஹவுஸ் எண்டு நோயாளிகளும் கூட வாறவையும் தங்க ஒரு வீடு இருக்கு, அதைப் பற்றி முதல் நாளே விசாரியுங்கோ. வடக்கில இருக்கிறவை தெல்லிப்பளை புற்றுநோய் ஆஸ்பத்திரியில சிகிச்சையில ஒரு பகுதியாவது செய்யலாமா எண்டு டொக்டரிட்டக் கேட்டுப் பாருங்கோ. எங்களுக்கு வெள்ளவத்தையில வீடு, அந்தப் பிரச்சினை இல்லை, ஆனா கிளினிக்கில பக்கத்துக் கதிரையில இருந்த அம்மா மூண்டு நாளா ஒரே சீலையோட இருந்ததைப் பார்த்தாப் பிறகு இதைச் சொல்லாம விட ஏலாது.

இனி குரூப். அந்த சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனனான், நல்ல மனுசர், அன்பா நடத்தினவை, ஆனா முழுக்க சிங்களத்தில. அக்காட சிங்களம் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் காணும், "பயமா இருக்கு, பிள்ளைக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல" எண்டு சொல்லக் காணாது. தலையாட்டிக்கொண்டு இருந்திட்டு வந்தவ, வீட்டை வந்துதான் அழுதவ. பிறகு வெள்ளவத்தையிலயே இதே நோயைக் கடந்து வந்த ஒரு டீச்சர் வீட்டு ஹோலில ஏழு பேர் தமிழில கூடுறது தெரிய வந்துது. பெயரும் இல்லை பதிவும் இல்லை, வியாழக்கிழமை பின்னேரம் வடையும் தேத்தண்ணியும். அங்க கிடைச்சது வேற மாதிரி. வாய்ப்புண்ணுக்கு என்ன சாப்பாடு, மொட்டைத் தலைக்கு எந்தத் துணி வேர்க்காது, பள்ளிக்கூடம் போற மகளுக்கு எந்தச் சொல்லில சொல்லுறது, மாமியார் கோப்பையைத் தனியா வச்சா என்ன செய்யுறது (புற்றுநோய் தொத்தாது எண்டதை இந்தக் காலத்திலயும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு). என்ட கணக்கில ஆறுதல் பக்கத்தில இதுதான் முதல் இடம், ரெண்டாவது எவ்வளவோ தூரத்தில.

ஆனா இந்த ஹோலிலயும் ஒரு பிழை இருக்கு, அதை மறைக்க ஏலாது. ஒருத்தருக்கு நடந்தது எல்லாருக்கும் சட்டமாப் போகும். அக்காக்குச் சொன்னவை, ஒப்பரேசன் செய்த பக்கக் கையால இனி வாழ்நாள் முழுக்க ஒரு வாளி தண்ணியும் தூக்காத, கை வீங்கிப் போகும் எண்டு. அக்கா பயந்து மகளைக்கூடத் தூக்கேல்ல. 2009ல அமெரிக்காவில ஏற்கனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வச்சு ஒரு ஆய்வு செய்தவை, கொஞ்சம் கொஞ்சமாப் பாரம் கூட்டித் தூக்கப் பழக்கினதில வீக்கம் கூடேல்ல, கை பலமாகினதுதான் நடந்தது. ஒழுங்கான ஆள் பக்கத்தில நிண்டு பழக்க வேணும், அது முக்கியம். பிசியோதெரபி மிஸ்ஸிட்ட இதைக் கேட்டு அவ காட்டித் தந்த மாதிரி செய்து, நாலாம் மாசம் அக்கா மகளைத் தூக்கினவ.

குரூப்புக்குப் போனா ஆயுள் கூடுமா எண்டு கேக்கிறவையும் இருக்கினம். 1989ல டேவிட் ஸ்பீகல் எண்ட அமெரிக்க மனநல டொக்டர், மார்பகப் புற்றுநோய் உடம்பில மற்ற இடங்களுக்கும் பரவின 86 பெண்களை வச்சுச் செய்த ஆய்வில, கிழமைக்கு ஒருக்கா குரூப்பில இருந்தவை சராசரியா ஒண்டரை வருசம் கூடுதலா உயிரோட இருந்தவை எண்டு வந்துது, உலகமே அதைப் பிடிச்சுக்கொண்டுது. பிறகு 2001ல கனடாவில 235 பேரோட திரும்பச் செய்து பார்த்தா ஆயுள் கூடேல்ல, ஸ்பீகலே பிறகு செய்த ஆய்விலயும் மொத்தத்தில கூடேல்ல. ஆனா கனடாக்காரர் கண்ட மற்ற விசயம்தான் எனக்குப் பெருசு: மனம் கனக்க உடைஞ்சு போயிருந்தவைக்கு நோவும் துக்கமும் குறைஞ்சுது. அக்காக்கு அது போதும். ஆயுளைக் கூட்டும் எண்டு ஆசை காட்டி ஒருத்தரையும் குரூப்புக்குக் கூட்டிக்கொண்டு போகாதீங்கோ, வராம விட்டவ தன்னாலதான் செத்தவ எண்டு ஆகிடும்.

இப்ப மற்றப் பேப்பர். ஆராய்ச்சி எண்டா எங்கட ஆக்களுக்கு உடன வாற சொல்லு "எங்களை வச்சுப் பரிசோதிக்கினம்". நானும் அப்பிடித்தான் நினைச்சனான், அக்காட சொந்தச் சிகிச்சை எங்க இருந்து வந்ததெண்டு தேடிப் பார்க்கும் வரைக்கும். அக்காக்கு முழு மார்பும் எடுக்கேல்ல, கட்டியை மட்டும் எடுத்துப் பிறகு ரேடியேசன். 1985ல அமெரிக்காவில பெர்னார்ட் ஃபிஷர் எண்ட ஒப்பரேசன் டொக்டர் வெளியிட்ட ஆய்வுதான் இதுக்குப் பெரிய அத்திவாரம்: முழுசா எடுத்தவையும் கட்டி மட்டும் எடுத்து ரேடியேசன் குடுத்தவையும் உயிரோட இருக்கிறதில வித்தியாசம் இல்லை, 20 வருசம் கழிச்சு 2002லயும் அதே முடிவு. தங்களுக்கு எந்த ஒப்பரேசன் எண்டதைச் சீட்டுக் குலுக்கின மாதிரி முடிவெடுக்க விட்ட பெண்கள் அவை. அக்காக்கு ரேடியேசன் 25 நாள் இல்லை, 15 நாள். அதுக்குப் பின்னால பிரிட்டனில ஸ்டார்ட் எண்ட ஆய்வு, 2008ல வந்துது, அஞ்சு கிழமையும் மூண்டு கிழமையும் ஒண்டுதான் எண்டு காட்டினது. 2020ல 4,096 பேரோட வந்த ஃபாஸ்ட் ஃபோவேட் ஆய்வு ஒரு கிழமையில அஞ்சு தரமே காணும் எண்டு காட்டியிருக்கு. வெள்ளவத்தையில இருந்து மகரகமக்கு ரெண்டு பஸ் மாறிப் போய் வந்த ஆளுக்கு பத்து நாள் குறைஞ்சதெண்டா என்னெண்டு நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பத்து நாளை அக்காக்குத் தந்தவை ஆரோ தெரியாத பெண்கள். இது தெரிஞ்சாப் பிறகு என்னால அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட ஏலாமப் போச்சு.

ஆனாலும் எல்லா ஆராய்ச்சியும் ஒண்டில்லை. கேள்விக்கொத்து மட்டுமெண்டா அரை மணித்தியாலம், ஆபத்து இல்லை, ஆனா பழசைக் கிளறும், கீமோ முடிஞ்ச கையோட வேண்டாம். மருந்து ஆய்வு வேற கதை: புது மருந்துப் பக்கமோ வழக்கமான சிகிச்சைப் பக்கமோ, எந்தப் பக்கம் விழுவீங்கள் எண்டதை நீங்களும் டொக்டரும் தெரிவு செய்யேலாது. "வெறும் மாத்திரை தந்து சாக விடுவினமோ" எண்ட பயம் எல்லாருக்கும் இருக்கு. நல்ல சிகிச்சை இருக்கிற இடத்தில ஒழுங்கான புற்றுநோய் ஆய்வு அப்பிடிச் செய்யாது, புது மருந்து கிடைக்காதவைக்கும் வழக்கமான சிகிச்சை நடக்கும். கேக்க வேண்டியது: எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நேர்மையா, பாதுகாப்பா நடக்குமா எண்டு பார்க்கிற குழு) அனுமதி இருக்கோ, இலங்கை கிளினிக்கல் ட்ரையல் (சிகிச்சை ஆய்வு) பதிவேட்டில பதிவு இலக்கம் என்ன, கூடுதல் ஸ்கானுக்கும் பஸ்ஸுக்கும் ஆர் காசு, ஏதும் பிழைச்சா ஆர் பொறுப்பு. 2006ல இருந்து அந்தப் பதிவேடு இருக்கு, பதிவு இலக்கம் கேட்டா முகம் சுழிக்கிற இடத்தில கையெழுத்து வைக்காதீங்கோ. இடையில எப்பவும் விலகலாம், விலகினா உங்கட வழமையான சிகிச்சையில கை வைக்க ஏலாது, இதைத் தமிழில எழுத்தில தரச் சொல்லுங்கோ. எங்களுக்கு முதல்ல நீட்டினது இங்கிலீஷ் ஃபோம். "பரவாயில்லை, நான் சொல்லுறன், நீங்கள் வைங்கோ" எண்டு சொன்னவை. பரவாயில்லை இல்லை. தமிழ் ஃபோம் வாற வரைக்கும் நாங்கள் கையெழுத்து வைக்கேல்ல, ரெண்டு கிழமையில வந்துது.

ரத்தம் குடுக்கிறதுதான் ஆகக் கஷ்டமான முடிவு, இவ்வளவு குத்து வாங்கின கைக்கு ஊசி பெருசில்லை, வாற பதில்தான். பி.ஆர்.சி.ஏ. (மாற்றம் இருந்தா மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுற, குடும்பத்தில வழிவழியா வாற) ஜீன் மாதிரி ஒண்டு பார்த்தா அது அக்காட கதை மட்டும் இல்லை, என்ட கதையும் அவட மகளிட கதையும். இந்த ஜீன் ஆய்வுகள் கனக்க ஐரோப்பிய ஆக்களை வச்சே நடந்ததால எங்கட ஆக்களுக்கு "மாற்றம் இருக்கு, ஆனா நல்லதோ கெட்டதோ தெரியாது" எண்ட பதில் கூடுதலா வருது, அதைக் குறைக்க எங்கட ரத்தமும் அந்த ஆய்வுகளில இருக்கத்தான் வேணும். அதே நேரம் பதிலை எங்களுக்குச் சொல்லுவினமோ, சாம்பிள் வெளிநாடு போகுமோ, எத்தினை வருசம் வச்சிருப்பினம் எண்டு கேக்காமக் குடுக்கக் கூடாது.

அதால என்ட தீர்ப்பு இதுதான். சிகிச்சை நடக்கிற மாசங்களில குரூப்புக்குத்தான் முதலிடம், அதுவும் தமிழில நடக்கிற குரூப், இல்லையெண்டா மூண்டு பேரைச் சேர்த்து நீங்களே தொடங்குங்கோ. ரேடியேசன் முடிஞ்சு சோறு ருசிக்கத் தொடங்கினாப் பிறகு கேள்விக்கொத்து. ரத்தமும் ஜீனும் குடும்பம் முழுக்க இருந்து கதைச்சாப் பிறகு. மருந்து ஆய்வுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது, அது சில நேரம் சிகிச்சை தொடங்க முதலே கேப்பினம், அப்ப குரூப்பிட்டக் கேக்காம உங்கட ஒன்கோலொஜி டொக்டரிட்டக் கேளுங்கோ.

அக்கா போன மாசம் கேள்விக்கொத்தை நிரப்பினவ. ஒரு கேள்வியில "மனச்சோர்வு" எண்டு இருந்துது, அவ பேனையை வச்சிட்டு, "எங்கட ஆக்கள் களைப்பெண்டு நினைச்சு இதுக்கு ஓம் போடுவினம்" எண்டு சொல்லிப் பக்கத்தில சின்னதா எழுதினவ, ஒண்டிலயும் மனம் ஒட்டேல்ல எண்டு கேளுங்கோ எண்டு. ரத்த ஃபோம் இன்னும் ஃபிரிட்ஜுக்கு மேல கிடக்கு. அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல, வாற ஞாயிற்றுக்கிழமை சொல்லுறதெண்டு இருக்கிறம்.