கோடை விடுமுறைக்கு மரக்கன்றா, ஆமைக்குஞ்சா?

என் மகளுக்கு 13 வயது. இரண்டு கோடை விடுமுறைகளில், சென்னையில் அவள் வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் மூன்று வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டோம்: மரக்கன்று நடுவது, ஏரி சுத்தம் செய்வது, கடலாமைப் பொரிப்பகம். மூன்றிலும் பெரிய செலவில்லை, மூன்றிலும் பிள்ளைகள் செல்போனை மறக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு அந்த வேலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மரக்கன்று முகாம் மே மாதத்தில், கத்திரி வெயிலில் நடந்தது. புங்கன், வேம்பு, பூவரசு என்று நட்டார்கள், மோர் குடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வெயிலில் புதுக் கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஒரு குடம் தண்ணீர் வேண்டும். லாரி வைத்து ஊற்றுவோம் என்றவர்கள் இரண்டு முறை ஊற்றியதோடு சரி. ஜூன் நடுவில் போய்ப் பார்த்தபோது அவள் நட்ட புங்கன் காய்ந்த குச்சியாக நின்றது, வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னைக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அப்போது நட்டால் மண்ணே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மே மாதத்தில்தான் நடுவோம் என்றால், தினமும் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

ஏரிக்கு ஒரே ஒருநாள்தான் போனோம், அதனால் அதிகம் சொல்ல முடியாது. கோடையில் தண்ணீர் வற்றிக் கரையோரக் குப்பை வெளியே தெரிவதால் அள்ளுவது எளிது. உடைந்த பாட்டில் நிறைய, தடித்த கையுறையும் ஷூவும் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

இந்த வருடம் பொரிப்பகம். பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை மண்ணில் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைக்கிறார்கள். 1988 முதல் மாணவர்களே இதைச் செய்துவருகிறார்கள். 45 நாளுக்கு மேல் ஆனதும் குஞ்சுகள் மேலே வரும், அது சரியாகக் கோடை விடுமுறையோடு சேர்கிறது. மண்ணின் சூடு ஏறினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும் என்பதை அவள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை, நிழலுக்குத் துணி கட்டியிருப்பது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வைப்பதும், செல்போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்வதும் இவளைப் போன்ற பிள்ளைகளின் வேலை. குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் ஓடும், தெருவிளக்கைப் பார்த்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். அதனால் இவளை மாதிரிச் சின்னவர்கள் சொல்வதையும் பெரியவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

நாங்கள் ஊருக்குப் போன ஒரு வாரமும் அங்கே ஆள் இருந்தது. குஞ்சு கடலில் இறங்கியதும் நம் பங்கு முடிந்துவிடுகிறது, பிறகு வந்து வாடிப்போனதைப் பார்க்கும் நிலை இல்லை. எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பது கடலின் பாடு, அதை அவளிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

குறையும் உண்டு. மே நடுவில் குழிகள் காலியாகிவிடும், அதனால் ஏப்ரலில் பரீட்சை முடிந்த கையோடு போக வேண்டும். இரவு நடை இன்னும் பெரிய அனுபவம் என்கிறார்கள், ஆனால் அது பள்ளி நாட்களில் வருகிறது. வரும் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அதற்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கன்று நடுவதை ஐப்பசிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், எங்கள் தெருவிலேயே, குடம் தூக்கிப் போகிற தூரத்தில்.