டபன்சுட்ரைல்: கவுட்டுக்கு (யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வர்ற வலிக்கு) வரப்போற மாத்திரை எப்படி?

இன்னும் கடைக்கு வரல, டிரையல்ல தான் இருக்கு, அதனால இது ரிசல்ட்ட படிச்சு சொல்ற ரிவ்யூ தான். வீக்கத்த கிளப்பிவிடுற என்எல்ஆர்பி3ங்கற புரோட்டீனையே இது அடக்கிடுது, அப்புறம் வீக்கத்த ஏத்துற சிக்னலான இன்டர்லூக்கின்-1 பீட்டா அவ்வளவா ரிலீஸ் ஆகாது, ஊசி இல்லாம வாயால போடற மாத்திரைங்கறது பெரிய ப்ளஸ். 2020ல வந்த கவுட் ஸ்டடில மூட்டு வலி நல்லாவே குறைஞ்சுது, ஆனா சின்ன ஸ்டடி, ஒப்பிட்டுப் பாக்க பிளாசிபோ (மருந்தில்லாத டம்மி மாத்திரை) குரூப்பே கிடையாது. கவுட் வலி சில நாள்ல தானாவே அடங்குற ஆளு வேற, அப்ப கிரெடிட் யாருக்கு குடுக்கறது? இதய செயலிழப்புக்கும் சின்னதா டெஸ்ட் பண்ணிருக்காங்க. அல்சைமருங்கற மறதி நோய்க்கு உதவும்ங்கற விஷயம் எலி டெஸ்ட்டோட நிக்குது, அத நம்பி துள்ள வேணாம். கனகினுமாப் ஊசி இதே இன்டர்லூக்கின தடுத்து 2017 டிரையல்ல ஹார்ட் அட்டாக்க குறைச்சுது, கூடவே உயிர்போற இன்ஃபெக்ஷன் கொஞ்சம் கூடுச்சு, இதுலயும் நான் முதல்ல பாக்கப்போறது அதத்தான். இப்போதைக்கு 5க்கு 3.