பழங்காசு வாங்குவதென்றால் அனஸ்தாசியஸ் ஃபோலிஸா, ஜஸ்டினியன் ஃபோலிஸா?

கி.பி. 498க்கு முன் பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், செம்புக்காசு என்றால் நும்முஸ்தான். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பொடிசு. பேரரசர் அனஸ்தாசியஸ் அதற்கு 40 மடங்கு மதிப்புள்ள ஃபோலிஸை அந்த ஆண்டு கொண்டுவந்தார். பின்பக்கம் பெரிதாக 'எம்' எழுத்து. கிரேக்க எண்முறையில் அது 40. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அடையாளம் தெரியும். முதலில் வந்தவை சுமார் 9 கிராம்தான். 512இல் எடையை இரட்டித்தார்கள்.

பின்னால் வந்த பேரரசர் ஜஸ்டினியன் 538-539இல் வெளியிட்ட ஃபோலிஸ் வேறு ரகம். எடை 20 கிராமுக்கு மேல், அகலம் கிட்டத்தட்ட 4 செ.மீ. அனஸ்தாசியஸ் பக்கவாட்டில் பார்ப்பார்; இவரோ தலைக்கவசத்தோடு, கையில் சிலுவை வைத்த உருண்டையோடு, நம்மையே நேராகப் பார்க்கிறார். (மூக்குதான் முதலில் தேய்ந்துபோகும், பாவம்!) 'எம்'முக்கு இடப்பக்கம் 'அன்னோ' (லத்தீனில் 'ஆண்டில்'), வலப்பக்கம் ஆட்சியாண்டு 12. கீழே நாணயச்சாலையின் பெயர்ச்சுருக்கம்: கான்ஸ்டான்டிநோபிள் என்றால் 'கான்'. ஆக, எங்கே, எந்த ஆண்டு அடித்தது என்று காசே சொல்லிவிடும். அனஸ்தாசியஸ் காசில் ஊர் உண்டு, ஆண்டு கிடையாது.

அழகுக்கும் தகவலுக்கும் ஜஸ்டினியன்தான். ஆனால் ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால், நான் அனஸ்தாசியஸின் அந்தச் சின்ன 9 கிராம் காசைத்தான் எடுப்பேன். 'எம்' தொடங்கியதே அதில்தானே.