கிளினிக் கொப்பியும் மகளுக்குக் கட்டும் வீடும்

இந்தமுறை மட்டக்களப்புக்குப் போன பயணத்தில் கோயிலையும் கடற்கரையையும் விட ஆஸ்பத்திரி வாசலில்தான் கூடுதலாக நின்றேன். ஐம்பது வயது தாண்டிய எங்கள் ஆட்களுக்கு ஊரில் என்ன மருத்துவ வசதி இருக்கிறது, எது காசில்லாமல் கிடைக்கிறது, காசு எங்கே கரைகிறது என்று நேரில் கண்டேன். வெளிநாட்டில் இருந்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அக்கா குடும்பம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். மச்சானுக்கு 56 வயது, வெள்ளாமைக்காரர். நான் போன நேரம் சிறுபோக அறுவடை முடிகிற காலம். ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். வாய்வு என்றார். அக்கா இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் சேர்ட் முழுக்க வியர்வை, இடது கை உளைகிறது என்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுக்க ஓடினான். நான் 1990க்கு அடித்தேன்.

1990 சுவசெரிய பற்றி வெளிநாட்டில் இருக்கும் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம். தொலைபேசியை எடுத்த பிள்ளை பதறாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார்: வயது என்ன, நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது, மூச்சு எடுக்கக் கஷ்டமா, சீனி வருத்தம் இருக்கிறதா? வாசல் லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரை ரோட்டில் நிற்கச் சொன்னார். வண்டியில் வந்த தம்பி பிரஷர், ஒட்சிசன் அளவு, விரலில் குத்திப் பார்க்கும் சீனி எல்லாவற்றையும் வாசலிலேயே எடுத்து எழுதிக்கொண்டுதான் ஏற்றினார். ஒரு சதம் கேட்கவில்லை. அக்கா நீட்டிய காசையும் வாங்கவில்லை.

படுவான்கரையில் இருந்து வாவியைக் கடந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிகள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுதான் ஓடியது. இரவில் நோயாளியை வைத்துக்கொண்டு பாதைக்குக் காத்துக் கிடந்த கதை எங்கள் பக்கம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் அப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோனோம். இந்தமுறை மச்சானை ஏற்றிய வண்டி எங்கும் நிற்காமல் பாலத்தில் ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரச ஆஸ்பத்திரியில் படுக்க வைத்ததும் ஈசிஜி எடுத்தார்கள், அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் சொன்னார்கள். ட்ரொப்போனின் என்ற இரத்தப் பரிசோதனை முதல் தடவை ஒன்றும் காட்டவில்லை. அதைக் கேட்டதும் மச்சான் வீட்டுக்குப் போவோம் என்று எழும்பிவிட்டார். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ட்ரொப்போனின் இரத்தத்தில் ஏறுவதற்குச் சில மணித்தியாலம் எடுக்கும், அதனால் முதல் முடிவை மட்டும் நம்பி விட முடியாது, திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒரு இளம் டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். நெஞ்சு நோ வந்தவர்கள் “டெஸ்ட் நல்லம்தானே” என்று பாதியில் கையெழுத்து வைத்துவிட்டுப் போவது எவ்வளவு ஆபத்து என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

விடிய எடுத்ததும் நல்லபடி வந்தது. மாரடைப்பு இல்லை. ஆனால் பிரஷர் 170க்கு 100. மூன்று மாதச் சீனி என்று ஊரில் சொல்லும் எச்பிஏ1சி 9.2. அது 6.5ஐத் தொட்டாலே சீனி வருத்தம் என்று கணக்கு. மச்சானுக்கு இது எதுவுமே தெரியாது. ஏனென்றால் அவர் ஒருநாளும் பார்க்கவில்லை.

வார்டில் அக்கா தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் அவரே சொன்னார். “மூணு மாசமா இரிக்கி மச்சான். மூட்டை தூக்கினா நெஞ்ச இறுக்கும், நிண்டா விட்டிரும். ஒங்கட அக்காட்டச் சொன்னா வீட்டு வேலைய நிப்பாட்டிருவா.”

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த வருத்தத்தைச் சொல்ல முடியாது. மட்டக்களப்பில் வீடு மகளுக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழமை. இருக்கிற வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு அடுத்தவளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். ஆக, உடம்பு முதன்முதலாகத் தளருகிற வயதில்தான் ஊர்த் தகப்பன் ஒருவருக்கு ஆகப் பெரிய செலவும் வருகிறது. மச்சானுக்கு இரண்டு குமர். சின்னவளின் வீடு கதவு, யன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்த நேரம் 2022 பொருளாதார நெருக்கடி வந்தது. டொலர் 200 ரூபாயில் இருந்து 360 அளவுக்குப் போக, சீமெந்தும் கம்பியும் தொட முடியாத விலைக்கு ஏறின. வேலை அப்படியே நின்றது. இப்போது அக்காவின் காப்பு வங்கியில் அடகில் இருக்கிறது, கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக்கடன் ஒன்றும் ஓடுகிறது. இந்த நிலையில் நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்ல அந்த மனுசனுக்கு எப்படி வாய் வரும்?

“லண்டன்ல இரிக்கிற ஒங்களுக்கு என்ன கவலை” என்று அவர் கேட்டபோது நானும் என் கணக்கைச் சொன்னேன். எனக்கு 52. வேலையில் மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2023 ஓகஸ்டில் 5.25 வீதத்துக்குப் போனதே, அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக் கடனின் பழைய வட்டிக் காலம் முடிந்தது. மாதாமாதம் கட்டுவது ஏறிவிட்டது. அரச ஓய்வூதியம் 67 வயதில். அதோடு இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை 5 வருடத்துக்கு ஒருமுறை அரச சுகாதார சேவையான என்எச்எஸ் கூப்பிட்டுச் செய்யும் இலவசப் பரிசோதனையில் எனக்கும் சீனி எல்லையில் நிற்கிறது என்று வந்திருந்தது. இத்தனை வருட உறவில் நாங்கள் இரண்டு பேரும் கடனையும் வருத்தத்தையும் ஒளிக்காமல் பேசியது அந்த வார்டில்தான். ஊரில் இருப்பவர் எங்களுக்குப் பாரம் என்று மறைக்கிறார், நாங்கள் ஊராருக்குக் கவலை என்று மறைக்கிறோம். இந்த மறைப்பு ஒரு ஆளையே கொண்டுபோய்விடும்.

மச்சானை வீட்டுக்கு விட்டதும் கையில் ஒரு கிளினிக் கொப்பியும் எக்கோ என்ற இதய ஸ்கான் செய்வதற்கான திகதியும் கொடுத்தார்கள். அப்புறம் அக்காவையும் பார்க்க வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் சிறிய அரச ஆஸ்பத்திரிகளிலும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம் என்று ஒன்று நடக்கிறது. 2011இல் தொடங்கிய திட்டம். 35 வயதைக் கடந்த யாரும் போகலாம், வருத்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. சாப்பிடாமல் விடியப் போக வேண்டும். உயரம், நிறை, பிரஷர், வெறும் வயிற்றுச் சீனி பார்த்து, வயதையும் புகைத்தலையும் சேர்த்து, அடுத்த 10 வருடத்தில் இதய வருத்தமோ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு நிற அட்டையில் காட்டுகிறார்கள். பச்சை என்றால் பயமில்லை, சிவப்புப் பக்கம் போகப் போக ஆபத்து. அக்கா மஞ்சளில் வந்தார். உப்பையும் சோற்றையும் எப்படிக் குறைப்பது என்று தாதி பேசியது கேட்க நன்றாக இருந்தது. சோற்றை விடு என்று சொல்லவில்லை. கோப்பையில் பாதிக்கு மரக்கறியும் கீரையும் போட்டுவிட்டு மிச்சத்தில் சோற்றைப் போடுங்கள் என்றார். மட்டக்களப்பாருக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு இதைவிடப் பழைய சேவை ஒன்றும் இருக்கிறது. 1996இல் இருந்து நடக்கும் வெல் வுமன் கிளினிக். மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை இரண்டும் அங்கே இலவசம். உங்கள் பகுதி மிட்வைஃபைக் கேட்டால் நாள் சொல்லுவார்.

நான் கண்ட குறை, வாங்கில் இருந்தவர்களில் ஆண்கள் மிகக் குறைவு. கிளினிக் நடக்கும் நேரம் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகிற நேரம், மீன்பிடிக்குப் போனவர் திரும்புகிற நேரம். கடையைப் பூட்டிவிட்டு வர ஒருவரும் தயாரில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரவேண்டிய நிலை வந்தபிறகுதான் ஆண்கள் வருகிறார்கள்.

சரி, வைத்தியம் இலவசம் என்றால் காசு எங்கே போகிறது? நான் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். கிளினிக் நாளில் விடியமுன் போய் நம்பர் எடுக்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, ஆட்டோதான். அன்றைய வயல் வேலைக்குக் கூலியாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் செய்ய முடியாத இரத்தப் பரிசோதனை வெளி லாபில். இல்லாத குளிசை வெளிப் பாமசியில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னக் காசு. ஆனால் இந்தச் சின்னக் காசு கையில் இல்லாத மாதத்தில்தான் கிளினிக் தவறுகிறது, குளிசை நிற்கிறது, பிரஷர் ஏறுகிறது.

குளிசை வெளியில் வாங்குவதென்றால் டொக்டர் எழுதிய துண்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சீனிக்குக் கொடுக்கும் மெட்போர்மின், கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் அட்டோவாஸ்டட்டின் போன்றவற்றில் கம்பனிக்குக் கம்பனி விலை பெரிய வித்தியாசம். ஏழைக்கும் மருந்து கிடைக்க வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டு உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் இருந்து இயங்குகிறது, அதன் ஒசுசல கடைகளில் முதலில் விசாரிப்பது நல்லது. அந்த மனிதரை எங்கள் சனம் மறந்துவிட்டது எனக்கு வருத்தம்.

இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த ஒருவர், அவரும் வெளிநாடுதான், ஒரு தனியார் லாபில் உடம்பு முழுக்கப் பார்க்கும் பெக்கேஜ் எடுத்தார். அதில் புற்றுநோய்க் குறிகாட்டி ஒன்று கொஞ்சம் கூடிவிட்டது என்று முடிவு வந்தது. இரண்டு கிழமை அந்தக் குடும்பம் நித்திரை கொள்ளவில்லை. ஸ்கானுக்கும், காசு கட்டி டொக்டரைத் தனியாகப் பார்க்கும் சனலிங்குக்கும் காசு தண்ணியாகப் போனது. கடைசியில் ஒன்றுமில்லை. நோய்க்குறி எதுவும் இல்லாத ஆளுக்கு இந்தப் பரிசோதனை செய்வதில் பயனில்லை, புகைப்பவருக்கே அது சற்றுக் கூடலாம் என்று விசேட வைத்திய நிபுணர் சொன்னாராம். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்க்காதவர்கள் இப்படிப் பட்டியலுக்குக் காசு கட்டுவது எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

பெரிய செலவு வந்தால் போகும் வழி சிலதும் விசாரித்தேன். இதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்கு ஜனாதிபதி நிதியம் உதவி கொடுக்கிறது. முன்பு அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். தனியார் துறையில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி இருந்தால், பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் எடுக்கலாம். அதற்கு முன்னரும் நிபந்தனைகளோடு வைத்தியத்துக்கோ வீட்டுக்கோ 30 வீதம் வரை எடுக்க இடமிருக்கிறது. வட்டிக்கு வாங்கப் போகுமுன் இதைக் கேளுங்கள். மச்சான் போன்ற வெள்ளாமைக்காரருக்கு அந்த நிதி கிடையாது. அவர்களைத்தான் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு காலமும் நாங்கள் காசு அனுப்பியது தீபாவளிக்கு, திருவிழாவுக்கு, இல்லாவிட்டால் ஆள் ஆஸ்பத்திரியில் விழுந்த பிறகு. இப்போது நானும் தங்கச்சியும் சேர்ந்து மாதம் 40 ஸ்டேர்லிங், ஏறத்தாழ 16,000 ரூபாய், கிளினிக்குக்கு என்று தனியாக அனுப்புகிறோம். ஆட்டோ, கூலியாள், லாப், குளிசை எல்லாம் அதற்குள் அடங்குகிறது. வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷினும் வாங்கி வைத்தேன், சின்னவள் எடுத்து எழுதி அனுப்புகிறாள். வீட்டு வேலை கூரைக்குக் காசு சேரும்வரை நிற்கட்டும் என்று மகள்மார் இரண்டு பேருமே தகப்பனிடம் சொன்னார்கள். அவர் சம்மதிக்க நாள் எடுத்தது, ஆனால் சம்மதித்தார். எக்கோ முடிவு பயப்படும்படி இல்லை. நடக்கவிட்டு எடுக்கும் ஈசிஜி இன்னும் இருக்கிறது. போன கிளினிக்கில் பிரஷர் 138க்கு 86. அடுத்த எச்பிஏ1சி ஐப்பசியில். அது மாரி வெள்ளாமை விதைக்கிற நேரம் என்பதால், என்ன வேலை வந்தாலும் அந்தத் திகதியை மாற்ற வேண்டாம் என்று அக்காவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு வயலுக்கு ஆள் பிடிக்கும் காசு இந்த மாதமே போய்விட்டது.